எல்லையைப் படிக்கப் போகும் மாணவர்கள்

சியால்தாவில் லோக்கல் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போங்காவ். அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் பெட்ராபோல், அதற்கப்பால் வங்கதேசத்தின் பேனாபோல். கொல்கத்தாவிலிருந்து மொத்தம் 80 கிலோமீட்டர்தான். இத்தனை பெரிய மாநகரம் ஒன்று இன்னொரு நாட்டுக்கு இவ்வளவு அருகில் இருப்பது இந்தியாவில் வேறெங்கும் இல்லை. குடிப்பெயர்வைப் பாடமாக எடுத்துப் படிக்கும் மாணவர் குழுக்கள் கொல்கத்தாவைத் தேடி வருவதற்கு இதுவே முதல் காரணம்.

அப்படி வரும் குழுவின் பயணம் பொதுவாக எப்படி அமைகிறது என்பதை ஊகிப்பது கடினமல்ல. காலையில் ஜெசோர் ரோட்டில் பேருந்து. பெட்ராபோலில் வரிசைகட்டி நிற்கும் லாரிகள். 2016இல் திறக்கப்பட்ட ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி. மாலையில் இரு நாட்டு எல்லைக் காவலர்களும் சேர்ந்து கொடியிறக்கும் நிகழ்ச்சி. அது 2013 நவம்பரில் தொடங்கியது. இரவுக்குள் கொல்கத்தா திரும்பிவிடலாம். இந்தப் பயணத்தில் சரக்குப் போக்குவரத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ள முடியும். இந்தியா – வங்கதேச நிலவழி வணிகத்தின் பெரும்பங்கு இந்தச் சாவடி வழியாகத்தான் போகிறது. ஆனால் குடியேற்றத்தைப் பற்றி அந்த வாயிலில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை என்பதே என் கட்சி. கடவுச்சீட்டும் விசாவும் வைத்திருப்பவர் மட்டுமே வந்துபோகும் இடம் அது. சர்ச்சைக்குரிய குடியேற்றம் அங்கே நிகழ்வதில்லை. அதன் தடயங்கள் மாணவர்கள் காலையில் கிளம்பிய நகரத்திலும், போகிற வழியில் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே கடந்துபோன ஊர்களிலும் இருக்கின்றன.

இதை முன்பே உணர்ந்து பாடத்திட்டம் வகுத்தவர்கள் கொல்கத்தாவிலேயே உண்டு. 1996இல் தொடங்கிய கல்கத்தா ரிசர்ச் குரூப் என்ற ஆய்வு நிறுவனம், 2003 டிசம்பரில் கட்டாயக் குடிப்பெயர்வு பற்றிய குளிர்காலப் பயிற்சி வகுப்பு ஒன்றைத் தொடங்கியது. மாணவர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், தொண்டு நிறுவன ஊழியர்கள் எனத் தெற்காசிய நாடுகளிலிருந்தும் வெளியிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அவரவர் ஊரில் இருந்தபடியே சில மாதங்கள் படிக்க வேண்டும், கட்டுரை எழுத வேண்டும். அதன்பின் கொல்கத்தாவில் பதினைந்து நாள் தங்கல். களப்பயணம் அந்தப் பதினைந்து நாளுக்குள் ஒரு பகுதி மட்டுமே. முதலில் படிப்பு, பிறகே பார்வை என்ற இந்த வரிசையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். நிறுவனத்தின் ரணபீர் சமாத்தார் 1999இல் வெளியிட்ட ‘தி மார்ஜினல் நேஷன்’, வங்கதேசத்திலிருந்து மேற்கு வங்கத்துக்கு நடக்கும் பெயர்வு பற்றிய அடிப்படை நூல்களில் ஒன்று. வறுமையை மட்டும் வைத்தோ பாதுகாப்பை மட்டும் வைத்தோ இந்தப் போக்குவரத்தை விளக்க முடியாது. உறவு, சந்தை, ஊர் நினைவு எல்லாம் சேர்ந்துதான் ஆட்களை நகர்த்துகின்றன என்பது அதன் வாதம்.

ஜெசோர் ரோடு என்ற பெயரே பாடத்தைத் தொடங்கிவைக்கும். சாலை சென்று சேரும் ஜெசோர் இன்று வேறு நாட்டில் இருக்கிறது. நடுவில் வரும் போங்காவ் 1947 வரை ஜெசோர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். இந்தியாவை அதற்குமுன் பார்த்தேயிராத சிரில் ராட்க்ளிஃப் 1947 ஜூலை 8 அன்று வந்து இறங்கினார். அவர் வகுத்த கோடு ஆகஸ்ட் 17 அன்று, அதாவது விடுதலைக்கு இரண்டு நாள் கழித்து, வெளியானது. இடைப்பட்ட நாட்களில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருந்த முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி பறந்தது, குல்னாவில் இந்தியக் கொடி பறந்தது. அறிவிப்பு வந்ததும் இரண்டு ஊரிலும் கொடியை மாற்றினார்கள்.

கோடு வந்துவிட்டது என்பதற்காக மறுநாளே எல்லாரும் அந்நியராகிவிடவில்லை. கிழக்கு வங்கத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமானது 1952 அக்டோபர் 15 முதல். அதுவரை ஐந்து ஆண்டுகள், பிரிவினைக்குப் பின்னும், ஜெசோரிலிருந்து ஒருவர் சியால்தாவுக்கு ரயிலில் வந்து காய்கறி விற்றுவிட்டு மாலையில் திரும்ப முடிந்தது. அனுமதியில்லாத நுழைவு என்ற குற்றம் இந்த எல்லையில் பிறந்தது அந்த அக்டோபரில்தான். எல்லையில் நிற்கும் மாணவர் அதை எப்போதும் இருந்துவந்த ஒன்றாக எடுத்துக்கொள்வார். தேதி தெரிந்தவர் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்.

பஞ்சாபில் மக்கள் பரிமாற்றம் ஏறக்குறைய ஓராண்டில் கொடூரமாக நடந்து முடிந்தது. வங்காளத்தில் அது அலை அலையாக வந்தது. முதலில் வந்தவர்களில் படித்த, நிலமுள்ள மேல்சாதி இந்துக்கள் அதிகம். 1950 கலவரத்துக்குப் பிறகும் 1964 கலவரத்துக்குப் பிறகும் வந்தவர்களில் நாமசூத்திரர் என்ற ஒடுக்கப்பட்ட சாதி உழவர்கள் மிகுதி. மேற்கு வங்க அரசு இவர்களைத் தேதிவாரியாகப் பிரித்தது. 1946 அக்டோபர் முதல் 1958 மார்ச் வரை வந்தோர் பழைய வரவு. 1964 ஜனவரி முதல் 1971 மார்ச் வரை வந்தோர் புதிய வரவு; மேற்கு வங்கத்துக்கு வெளியே குடியேறச் சம்மதித்தால்தான் இவர்களுக்கு உதவி. நடுவில் 1958 ஏப்ரல் முதல் 1963 டிசம்பர் வரை வந்தவர்களுக்கோ ஒன்றுமே இல்லை. ஒரே கிராமத்தில் ஒரே காரணத்துக்காக ஓடிவந்த அண்ணன் அகதியாகவும் தம்பி யாருமற்றவனாகவும் ஆவதற்கு ஒரு மாதம் போதுமானதாக இருந்தது.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க எல்லைக்குப் போக வேண்டியதில்லை. தெற்குக் கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தைச் சுற்றி நடந்தால் போதும். போர்க்காலத்தில் ராணுவம் பயன்படுத்திய இடத்தில் அகதிகள் தாங்களாகவே அமைத்துக்கொண்ட விஜயகர், அதைத் தொடர்ந்து ஆசாத்கர், நேதாஜி நகர். 1950க்கு முன்னும் பின்னுமாக இப்படிப் புறம்போக்கிலும் தனியார் நிலத்திலும் எழுந்தவற்றில் 149 குடியிருப்புகள் ‘1951க்கு முந்தைய காலனிகள்’ என்று அரசுக் கணக்கில் ஏறின. 1951இல் அரசு வெளியேற்றச் சட்டம் கொண்டுவந்தபோது, அதற்கு முந்தைய ஆண்டே உருவாகியிருந்த ஐக்கிய மத்திய அகதிகள் பேரவை தெருவில் இறங்கிப் போராடியது. காலனிகள் நிலைத்தன. இன்று அங்கே மனையின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள் என்று அன்று சொல்லப்பட்டவர்களின் பேரன்மார்தான் இன்று அந்த நகரத்தின் நடுத்தர வர்க்கம். அவர்களில் சிலர் புதிதாக வருபவரை ஊடுருவல்காரர் என்று திட்டுவதையும் கேட்கலாம்.

மறுபக்கம் நதியா மாவட்டத்தில் ராணாகாட்டை ஒட்டி இருக்கும் கூப்பர்ஸ் கேம்ப். இதுவும் போர்க்கால ராணுவத் தளம். 1950இல் அகதி முகாமானது. காலனி அமைக்கும் ஆள்பலமோ நகரத்தில் உறவோ இல்லாதவர்கள் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று. ஆண்துணை இல்லாத பெண்கள், முதியவர்கள், ஊனமுற்றோர் ஆகியோரை அரசுக் கோப்புகள் ‘நிரந்தரப் பொறுப்பு’ என்று தனியாகப் பிரித்து வைத்தன. உழைக்கும் வயதினரைத் தண்டகாரண்யத்துக்கு அனுப்பும் திட்டம் 1958இல் தொடங்கியது. ஆற்றங்கரை உழவர்களைக் கொண்டுபோய் மத்திய இந்தியாவின் வறண்ட காட்டில் விட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 1978இல் திரும்பி வந்து சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பித் தீவில் குடியேறினார்கள். இடதுசாரி அரசு 1979 ஜனவரியில் தீவை முற்றுகையிட்டு உணவும் நீரும் போகவிடாமல் தடுத்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. மே மாதத்தில் குடிசைகளை அழித்து எல்லாரையும் வெளியேற்றியது. இறந்தவர் எண்ணிக்கை இன்றுவரை சர்ச்சையில் இருக்கிறது. எதிர்க்கட்சியாக இருந்தபோது இந்த அகதிகளுக்காகப் போராடியவர்களே ஆட்சியில் அமர்ந்து இதைச் செய்தார்கள். குடியேற்ற அரசியலை ஒரு கட்சியின் குற்றமாக மட்டும் பார்க்கும் மாணவருக்கு மரிச்ஜாப்பியைப் படிக்கக் கொடுக்கலாம்.

போங்காவுக்கு வருவோம். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இந்தியாவுக்குள் வந்தவர்கள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர்; அதில் பெரும்பகுதி மேற்கு வங்கத்தில். கொல்கத்தாவின் சால்ட் லேக் அப்போது கட்டி முடிக்கப்படாத திடல். அதுவே ஒரு பெரிய முகாமானது. போங்காவ் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். நரம்பு வழியாக ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது, ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை. கொல்கத்தாவிலிருந்து போன மருத்துவர் திலீப் மகாலனபிஸ் ஒரு முடிவெடுத்தார். சாப்பாட்டு உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து பொட்டலமாகக் கட்டி, நீரில் கரைத்து, பெரிய கலன்களில் குழாய் வைத்து நிரப்பினார்கள். நோயாளியின் தாயோ தம்பியோ அதைக் குவளையில் பிடித்துக் கொடுத்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. வாய்வழிக் கரைசல் நோயைக் கூட்டிவிடும் என்று அதுவரை தயங்கிய மருத்துவ உலகம் மெல்ல நம்பத் தொடங்கியது. ‘லான்செட்’ இதழ் 1978இல் இந்த முறையை நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. மகாலனபிஸ் 2022இல் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் வந்தது. நம் அங்கன்வாடிகளில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை உலகம் நம்பக் காரணமான சோதனை நடந்தது ஓர் அகதிக் கூட்டத்தின் நடுவில். எல்லைப் பயணம் போகும் எந்தக் குழுவும் இந்த மருத்துவமனை வாசலில் பத்து நிமிடமாவது நிற்கலாம்.

வேலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படங்களில் எல்லாரும் பார்த்ததுதான். இந்தியா – வங்கதேச எல்லை 4,096 கிலோமீட்டர், அதில் மேற்கு வங்கத்தின் பங்கு 2,216. எல்லைக் கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் பாதுகாப்புக் கட்டுமானம் கூடாது என்று 1975இல் இரு நாடுகளும் ஒப்புக்கொண்டதால், வேலி பல இடங்களில் இந்திய மண்ணுக்குள்ளேயே ஓடுகிறது. விளைவு, வேலிக்கு வெளியே இந்திய வயல்களும் சில இடங்களில் வீடுகளும் மாட்டிக்கொண்டன. அங்கிருப்பவர்கள் கேட் திறக்கும் நேரத்துக்கு அட்டையைக் காட்டி உள்ளே வந்து, மூடும் முன் திரும்ப வேண்டும். 2011 ஜனவரியில் கூச்பிகார் எல்லையில் வேலியைத் தாண்டிய 15 வயதுச் சிறுமி சுடப்பட்டு, உடல் மணிக்கணக்கில் கம்பியில் தொங்கியது. சுட்ட காவலரை எல்லைப் பாதுகாப்புப் படையின் நீதிமன்றம் இரண்டு முறை விடுவித்தது. வேலிப்பக்கம் போக மாணவர்கள் அனுமதி பெற வேண்டியதும் அதே படையிடம்தான். ஆகவே அங்கே அவர்கள் முதலில் கேட்பது படை அதிகாரியின் விளக்கமாக இருக்கும். கேட்கட்டும், அதுவும் ஒரு தரப்பு. இரவுப் பனியில் ஆற்றோரம் நிற்கும் காவலருக்கும் சொல்ல நியாயம் உண்டு. ஆனால் அனுமதி கொடுத்தவரின் சொல்லை ஆய்வின் முடிவாக எழுதிக்கொண்டு வந்துவிடக் கூடாது.

எண்ணிக்கையை எடுத்துக்கொண்டால் ஒரு வகுப்பு முழுவதற்கும் போதுமான வேலை இருக்கிறது. 2004 ஜூலையில் உள்துறை இணையமைச்சர் நாடாளுமன்றத்தில், சட்டவிரோதமாகத் தங்கியிருக்கும் வங்கதேசத்தவர் 1.2 கோடி என்றும் அதில் 57 லட்சம் பேர் மேற்கு வங்கத்தில் என்றும் சொன்னார். சில நாளில், அது கேள்விப்பட்டதன் அடிப்படையிலான கணக்கு என்று விளக்கம் வந்தது. 2016இல் வேறொரு அமைச்சர் 2 கோடி என்றார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ, முன்பு வங்கதேசத்தில் வாழ்ந்ததாகப் பதிந்தவர்கள் சுமார் 23 லட்சம் பேர். பிரிவினைக் காலத்தில் வந்து இன்னும் உயிரோடு இருக்கும் பாட்டிமாரும் அதற்குள் அடக்கம். கணக்கெடுப்பாளரிடம் எல்லாரும் உண்மை சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதும் சரிதான். ஆனாலும் 23 லட்சத்துக்கும் 2 கோடிக்கும் நடுவே இருப்பதை நிரப்புவது தரவு அல்ல.

பெட்ராபோல் வாயிலைவிட எனக்கு மதிப்புள்ளதாகத் தோன்றும் இடம் போங்காவ் உட்கோட்ட நீதிமன்றம். திறந்த நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆவணமின்றி நுழைந்ததற்கு வெளிநாட்டவர் சட்டத்தின் 14ஏ பிரிவில், 2004 திருத்தத்துக்குப் பின், குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் எட்டு ஆண்டு சிறை என்று இருந்தது. தான் வெளிநாட்டவர் அல்ல என்பதை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர்மீது. அந்த 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 செப்டம்பர் முதல் புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் வந்துவிட்டது. நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் இடம் மாறவில்லை. தண்டனை முடிந்தாலும் வெளியே வர முடியாது. அந்த ஆள் தன் குடிமகன்தான் என்று வங்கதேசம் உறுதிசெய்தால்தான் அனுப்ப முடியும். அதுவரை சிறைதான். தண்டனை தீர்ந்தும் சிறையில் இருக்கும் இவர்களை மேற்கு வங்கச் சிறைகளில் ‘ஜான் கலாஸ்’ என்கிறார்கள். வெளிநாட்டுக் கைதிகள் மிகுந்த மாநிலமாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் மேற்கு வங்கம் பல ஆண்டுகளாக இடம்பெறுகிறது. தண்டனை முடிந்தவர்களை ஏன் அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேட்டது.

சியால்தா – போங்காவ் ரயில் பாதையில் தாகூர்நகர் இருக்கிறது. ஹரிசாந்த் தாகூர் தொடங்கிய மதுவா சமயத்தின் தலைமையிடம். நாமசூத்திரர்களின் அரசியல் மையமும் அதுவே. 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத் திருத்தம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்பதை வரையறுத்தபோது, பல்லாண்டுகளாக வாக்களித்துவந்த மதுவா குடும்பங்கள் பல திடுக்கிட்டன. 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்துக்கள் முதலானோருக்குக் குடியுரிமை தரும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர்களில் பலர் வரவேற்றார்கள். 2024 மார்ச்சில் விதிகள் வந்தன. விண்ணப்பித்தால், இதுவரை குடிமகனாக இருக்கவில்லை என்று தானே எழுதிக்கொடுத்தது போலாகுமே என்ற தயக்கமும் கூடவே வந்தது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் மேற்கு வங்கத்தில் தொடங்கி, 2002 பட்டியலில் உன் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே என்று கேட்டது. சட்டப்படி வரவேற்கப்பட்டவர்களுக்கும் அந்தக் கேள்வி எளிதாக இல்லை. அதே மாதத்தில் பசீர்ஹாட் பக்கம் ஹக்கிம்பூர் சாவடியில், வங்கதேசத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று மூட்டை முடிச்சோடு ஆட்கள் வந்து உட்கார்ந்ததையும் செய்திகள் காட்டின.

இன்னொரு வழக்கு. பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த கர்ப்பிணி ஒருவரை, டெல்லியில் குடும்பத்தோடு பிழைத்துக்கொண்டிருந்தவரை, 2025 ஜூனில் பிடித்து வங்கதேசத்துக்குள் தள்ளிவிட்டார்கள். அங்கே அவர் அனுமதியின்றி நுழைந்த இந்தியர் என்று சிறை வைக்கப்பட்டார். செப்டம்பர் 26 அன்று கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், டிசம்பரில்தான் அவரும் எட்டு வயது மகனும் மால்டா வழியாக ஊர் திரும்பினார்கள். வங்காளம் பேசும் கூலித் தொழிலாளி என்பதைத் தவிர அந்தக் குடும்பத்தின்மீது சந்தேகம் விழ வேறென்ன காரணம் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பயணங்களில் நடக்கக் கூடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘எப்படி எல்லை தாண்டினீர்கள்?’ என்று மாணவர் ஆர்வத்தில் கேட்டுவிடுகிறார். அந்தப் பதில் குறிப்பேட்டிலோ கைப்பேசியிலோ பதிவானால் அது ஆய்வுத் தரவு மட்டுமல்ல, வழக்கில் சான்றாகவும் ஆகலாம். பெயர், ஊர், தலால் (தரகர்) யார், எந்த ஆற்றுத்துறை வழி, இவற்றை எழுதாமலே குடிப்பெயர்வைப் படிக்க முடியும். வாடகை எவ்வளவு, ரேஷன் அட்டை உண்டா, பிள்ளை எந்தப் பள்ளியில், காய்ச்சல் வந்தால் எங்கே போவீர்கள் என்று கேட்டால் போதும். கூப்பர்ஸ் கேம்ப் போன்ற இடங்களில் இன்னொரு சங்கடம். ஆய்வாளர்கள் வந்து வந்து, பிரிவினைக் கதையை எந்த இடத்தில் நிறுத்தி எந்த இடத்தில் கண்ணைத் துடைக்க வேண்டும் என்பது முதியவர்களுக்குப் பழகிப்போயிருக்கும். குற்றம் அவர்களுடையதல்ல, கேட்பவர்களுடையது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இதெல்லாம் தொலைவான விஷயமா? வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. மேற்கு வங்கத்தாரோடு வங்கதேச நோயாளிகளும் தலைமுறையாக அங்கே வருகிறார்கள். 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்து இந்திய விசா சுருங்கியபோது கொல்கத்தாவில் வங்கதேசத்தவர் தங்கும் மார்க்விஸ் தெரு விடுதிகள் காலியானதோடு, வேலூர் லாட்ஜ்களும் அதை உணர்ந்திருக்கும். திருப்பூரிலும் பல்லடத்திலும் போலி ஆதாரோடு வங்கதேசத்தவர் கைது என்ற செய்தி அடிக்கடி வருகிறது. அதே நூற்பாலையில் வேலைபார்க்கும் முர்ஷிதாபாத்காரர் மறுநாளிலிருந்து அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்கிறார். இவற்றைவிட நெருக்கமானது நம் மாவட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் முகாம்கள். 1983இலிருந்து வந்தவர்களும் இங்கேயே பிறந்தவர்களுமாகச் சுமார் 58 ஆயிரம் பேர் அவற்றில் வாழ்கிறார்கள். 2021இல் அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. நம் கல்லூரிகளில் எத்தனை பேர் அருகிலுள்ள முகாமுக்குள் ஒருமுறையாவது போயிருப்பார்கள்?

கொல்கத்தாவுக்குக் குழுவை அழைத்துப் போகும் பேராசிரியர்கள், ரயில் டிக்கெட் எடுக்கும் முன்பே உரிய அனுமதி பெற்று உள்ளூர் முகாமுக்கு மாணவர்களைக் கூட்டிப்போக வேண்டும். திரும்பி வந்ததும் கீழ்க்கண்ட இரண்டு தேதிகளை வைத்து ஒரு கட்டுரை எழுதச் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விலக்கு ஆணையின்படி, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு இல்லாத குற்றத்துக்கான தண்டனை கிடையாது. அதே ஆணை வங்கதேசம், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் நாடுகளின் இந்துக்கள் முதலான சிறுபான்மையினருக்கு 2024 டிசம்பர் 31 வரை அந்தச் சலுகையைத் தருகிறது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இந்த மூன்று நாடுகளை மட்டுமே சொல்கிறது. இலங்கை அதில் இல்லை.